ஒருநாட் செலவு

சிவமயம்

செலவு என்னுஞ் சொல் நம் மொழியில் இருபொருள் தருவது. ஓரிடத்தினின்று பிறிதோரிடத்திற்குச் செல்லுதலைப் பண்டையோர் செலவு என்றனர். கையிலுள்ள பொருளைக் கொடுத்தொழித்தலை இக்காலத்தார் செலவு என்கின்றனர். தலைவன் பிரிந்துபோகக் கருதிப் பின் அதனைத் தவிர்தலைச் செலவழுங்குதல் என்று அகப்பொருள் நூலார் வழங்குவர். வழிச்செல்வோன் ஒன்றை இழந்தே செல்கின்றான் என்பதுபற்றிப் போலும் இரண்டற்கும் ஒரு சொல்லே அமைந்தது. இவ்விரு பொருளும் ஒருங்கு நினையத்தக்க நிகழ்ச்சி ஒன்று அண்மையில் எம் செவிக்கு வந்தது. அதனை அடியாகக் கொண்டு, ஒருநாளில் மலைமடம் சென்று மீளும் திருத்தலச் செலவின் பயனும், அதன்கண் நிற்கவேண்டும் நெறியும் ஆராயப் புகுகின்றாம்.

வடசென்னையில் டோல்கேட் என்னும் பகுதியில் வாழும் அன்பர் ஒருவர், துறைமுகத்தை அடுத்த தொழிற்சாலை ஒன்றில் உழைப்பவர். வாரத்திற்கு ஒருநாளே அவர்க்கு ஓய்வு. அவர்தம் அன்னையார் முதுமையுற்றவர். பிறர் துணையின்றி வெளியிற் செல்ல மாட்டாதவர். சென்ற கார்த்திகையில், அண்ணாமலையில் தீபம் ஏற்றிய மறுநாள் அவ்வன்பர்க்கு ஓய்வு வாய்த்தது. விடியற்காலையிற் பேருந்தேறித் திருவண்ணாமலை சென்றார், திருக்கோயிலில் வழிபட்டார், மலைமேல் ஏறிக் குகை நமசிவாயர் இருந்த இடத்தையும் விரூபாட்ச குகையையும் கண்டார், அந்தியில் மலையுச்சியில் ஒளிர்ந்த சோதியைக் கீழ்நின்று கைதொழுது, நள்ளிரவு கழிந்து இல்லம் மீண்டார். உறங்காதிருந்த அன்னையார், "மலையிலே சாமியை நன்றாகப் பார்த்தாயா, அப்பா?" என்று வினவினார். பார்த்தேன் என்று விடைகூற அவர்க்கு நா எழவில்லையாம். "ஐயா, நான் போனது தவறா?" என்பது அவர் எம்பால் வினவிய வினா.

நா எழாமைக்குக் காரணம் உண்டு. திருவொற்றியூர்த் திருக்கோயிலில் புற்றுருவாய் எழுந்தருளியுள்ள மூலலிங்கப் பெருமான் ஆண்டு முழுவதும் கவசம் பூண்டிருப்பர். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்களே அக்கவசம் களையப்பெற்று, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்தப்பெறும். அம்மூன்று நாட்களில் ஒருநாளேனும் அத்திருமேனியைக் காணல் வேண்டும் என்பது அன்னையார் நெடுநாள் விருப்பம். டோல்கேட்டிலிருந்து மெட்ரோ வண்டி ஏறின், காலடிப்பேட்டைக்கு அடுத்த நிலையமே திருவொற்றியூர்த் தேரடி. அண்ணாமலையோ ஏறத்தாழ 190 கிலோமீட்டர்த் தொலைவினது. மகனார் தொலைவிலுள்ளதனைக் கண்டு வந்தார். அன்னையார் அருகிலுள்ளதனைக் காணாதிருந்தார். அவர் மகனைத் தடுத்தாரும் அல்லர். குறை கூறினாரும் அல்லர்.

இவ்வினாவை எம் நண்பர் சிலர்பால் எடுத்துரைத்தேம். இறைவன் எங்கும் நிறைந்தவனாகலின் மலைக்குச் சென்றதே வீண் என்றார் ஒருவர். மலைக்குச் சென்றது தக்கதே. ஆயின் ஒருநாளிற் போய் ஒருநாளில் மீளுதல் உல்லாசப் பயணமே அன்றி யாத்திரை ஆகாது என்றார் மற்றொருவர். இறைவனை நாடிச் செல்வோர்க்குத் தாய் முதலிய சுற்றம் பாசமே யாகலின், அன்பர் செய்ததில் இழுக்கு யாதுமில்லை என்றார் வேறொருவர். இம்மூன்றும் கேட்குந்தோறும் சித்தாந்தம் போலவே தோன்றும். இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வாம்.

இறைவன் எங்கும் உளன் என்பது மெய்யே. அங்ஙனமாயின் திருக்கோயிலுக்கும் மலைக்கும் செல்லுதல் எற்றுக்கு எனின், இதற்கு விடை மெய்கண்டதேவ நாயனார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் முன்னரே அருளிப் போந்தார். நெய் பாலிலும் உண்டு, தயிரிலும் உண்டு. பாலில் அது விளங்காது நிற்கும். தயிரில் விளங்கி நிற்கும். அதுபோல எங்கும் நிறைந்த முதல்வன் திருக்கோயிலிலும் அடியார் திருவேடத்திலும் விளங்கி நிற்பன். பிறவிடத்து விளங்காது நிற்பன். அன்றியும் அச்சூத்திரம் மலநீக்கம் பெற்ற சீவன்முத்தரது ஒழுக்கம் கூற எழுந்தது. வாசனையாய்த் தாக்கும் மலத்தின் அழுக்கைக் கழுவுதற்பொருட்டு அன்னோர்க்கே ஆலய வழிபாடும் அடியார் கூட்டமும் வேண்டப்பட்டனவாயின், மலத்துள் அழுந்திக் கிடக்கும் நம்மனோர்க்கு அவை எத்துணை இன்றியமையாதன என்பது சொல்லாமே அமையும். ஆதலின் மலைக்குச் சென்றது வீண் என்பார் கூற்று, சித்தாந்தம் போன்று தோன்றினும் சித்தாந்தம் ஆகாது.

ஆயினும் ஈண்டு ஒன்று கருதற்பாலது. தயிரின்கண் நெய் விளங்குதல் அண்ணாமலைக்கு எத்துணை உண்மையோ, ஒற்றியூர்க்கும் அத்துணை உண்மை. தொலைவு மிகுதலால் ஓரிடம் தயிராவதும், அண்மையால் ஓரிடம் பாலாவதும் இல்லை. இவ்விடை அன்பரை மலைக்குச் செல்ல விடுகின்றது. ஒற்றியூரை விட்டுச் செல்லுதற்கு அது காரணம் காட்டவில்லை.

இனி, ஒருநாட் செலவு யாத்திரை ஆகாது என்பார் கூற்றினை நோக்குவாம். முன்னோர் நடந்து சென்றனர்; நாட்பல வழியிற் கழித்தனர்; பசியும் வெயிலும் பொறுத்தனர். இக்காலத்திலோ செலவு மிக எளிதாயிற்று. 2021 பிப்ரவரி 14-ஆம் நாள் வண்ணாரப்பேட்டையினின்று விம்கோ நகர் வரை மெட்ரோ இருப்புப்பாதை திறக்கப்பெற்றது முதல் டோல்கேட்டிலும் ஒரு நிலையம் உண்டு. 2024 மே மாதத்தில், சென்னைக் கடற்கரையினின்று வேலூர்க் கண்டோன்மெண்ட் வரை சென்றுகொண்டிருந்த தொடர்வண்டி திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. மாலை 6 மணிக்குக் கடற்கரை நிலையத்திற் புறப்பட்டு, நள்ளிரவில் அண்ணாமலையை அடைந்து, விடியற்காலை 4 மணிக்கு மீளுமாறு அது வகுக்கப்பட்டது. அப்பொழுது கட்டணம் 50 ரூபாயாக இருந்தது. மலையைச் சூழ்ந்த 14 கிலோமீட்டர் வழியினை வலம்வர ஏறத்தாழ 4 மணி நேரம் வேண்டும். வண்டி அங்கு நிற்கும் காலமும் அவ்வளவே. மாலையிற் சென்றவர் மறுநாள் முற்பகலில் சென்னையில் இருப்பர். எளிமையைக் கண்டு பயனின்மையைத் துணிவோர், இதனினும் வேறு சான்று வேண்டுமோ என்பர்.

திருநாவுக்கரசு சுவாமிகள் திருக்கயிலைச் செலவினைப் பெரியபுராணத்துட் காண்க. இரவும் பகலும் நடந்தனர். கால்கள் தேய்ந்தபின் கைகளாற் சென்றனர். கைகளும் தேய்ந்தபின் மார்பினால் உந்திச் சென்றனர். அதுவும் மாட்டாதபொழுது புரண்டு சென்றனர். முனிவர் வடிவில் வந்து தடுத்த பெருமானிடத்தும், கயிலையைக் காணாது இவ்வுடல் கொண்டு மீளேன் என்றே உரைத்தனர். முடிவில் நிகழ்ந்தது யாது? அருளாணையின்படி அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தனர். கயிலைக் காட்சியைக் காவிரிக்கரை ஊரிலே கண்டனர். செலவின் அருமையே பயன் தருவதாயின் அவர் கயிலையை அடைந்திருத்தல் வேண்டும். செலவு பயனற்றதாயின் அவர் புறப்படுதற்கு முன்னரே ஐயாற்றில் அக்காட்சி கிடைத்திருத்தல் வேண்டும். இரண்டும் நிகழவில்லை. தம்மை முற்றும் செலவிட்டார்க்குத் தாம் வாழ்ந்த நாட்டிலே கயிலை வெளிப்பட்டது என்பதே அவ்வரலாறு உணர்த்தும் கருத்தென்க.

காலத்தின் நெடுமையும் இங்ஙனமே. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது நம் சித்தாந்தத்தின் துணிபு. செம்பூவை அடுத்த படிகம் அப்பொழுதே செம்மையாய் விளங்கும்; அதற்கு ஓராண்டு வேண்டுவதில்லை. அப்பூவை நீக்கின் அப்பொழுதே அச்செம்மை அகலும். ஓராண்டு உடனிருந்ததாயினும் நிறம் படிகத்தினுள் ஊறி நிற்பதில்லை. ஒருநாள் மலையைச் சார்ந்தவனும் ஒருதிங்கள் மலையிலே தங்கியவனும், மீண்டு தெருவையும் தொழிலையும் சார்ந்தபொழுது அவற்றின் வண்ணமே எய்துவர். ஆகலின் ஒருநாள் போதாது என்பாரும், ஒருநாளே அமையும் என்று மகிழ்வாரும் ஒரு பிழையே செய்கின்றனர். இருவரும் நாட்களை எண்ணுகின்றனர். எண்ணற்பாலது சார்பு. சென்றவிடத்துச் சார்பு மீண்டவிடத்தும் தொடர்கின்றதா என்பதே நோக்கற்பாலது. தொடர்தற்கு வாயிலாக மீண்டவிடத்தில் ஒரு கோயிலும் ஓர் அடியவரும் வேண்டும். டோல்கேட் அன்பர்க்கு அக்கோயில் இரண்டாவது நிலையத்தில் உண்டு. அவ்வடியவர் அவர் இல்லத்திலேயே உறங்காது காத்திருந்தார்.

மலையை அணுகிக் கண்டார்க்கே பயன் என்பதும் இல்லை. 2024 டிசம்பர் 1-ஆம் நாள் பெருமழையால் அண்ணாமலையின் சரிவில் மண் சரிந்து வீட்டின்மேல் வீழ எழுவர் உயிர் நீத்தனர். அதுபற்றி அவ்வாண்டு டிசம்பர் 13-ஆம் நாள் நிகழ்ந்த தீபத் திருவிழாவில் பொதுமக்கள் மலையேற இசைவளிக்கப்படவில்லை. ஊரில் நின்றே எண்ணிறந்தோர் அச்சோதியைத் தொழுதனர். ஏறாமையால் அவர் இழந்தது ஒன்றுமில்லை.

மலைமடங்களின் வரலாறும் இதனையே கூறும். குகை நமசிவாயர் கன்னட நாட்டினின்று போந்து அண்ணாமலைச் சரிவிற் குகையொன்றில் தங்கித் தவமியற்றிய வீரசைவப் பெரியார். அவர்தம் மாணவர் குரு நமசிவாயர். மாணவர் ஒருநாள் தம் ஆடையைக் கசக்கினாராம். வினவிய ஆசிரியர்க்குத் தில்லையில் திரைச்சீலை தீப்பற்றியதனை அணைத்தேன் என்றாராம். ஆசிரியர் அவரது பக்குவம் கண்டு மகிழ்ந்து செய்தது யாதெனின், மலையிலே இருத்திக்கொண்டது அன்று. தில்லைக்குப் போகுமாறு விடுத்தமையே. ஒரு தறியில் இரண்டு யானைகளைக் கட்டுதல் ஆகாது என்று அவர் கூறியதாக வழங்குவர். மலைமடம் ஏறுதற்குரிய இடம் மட்டுமன்று. பக்குவம் உற்றாரை நாட்டினுள் இறக்கிவிடும் இடமுமாம். அங்குச் சென்று அன்றே மீள்வோர் அம்மடத்தின் இயல்புக்கு மாறாக யாதொன்றும் செய்தாரல்லர்.

இதுகாறும் கூறியவாற்றால், அன்பர் அண்ணாமலை சென்றது தக்கது என்பதும், ஒருநாளில் மீண்டமையால் அதன் பயன் குன்றாது என்பதும் பெறப்பட்டன. அங்ஙனமாயின் அன்னையார் வினவியபொழுது அவர்க்கு நா எழாதது என்னை?

இவ்வினாவிற்கு விடை தேட யாம் தொலைவிற் செல்லவேண்டுவதில்லை. ஒற்றியூர் எல்லையிலேயே அது நிகழ்ந்தது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் சங்கிலியாரை மணக்குங்காலத்து, உன்னைப் பிரியேன் என்று சபதம் செய்யவேண்டியிருந்தது. திருமுன் அச்சபதம் நிகழுங்கால் பெருமான் மகிழமரத்தடியிற் சென்றிருத்தல் வேண்டும் என்று சுவாமிகள் வேண்டிக்கொண்டனர். பெருமானோ சங்கிலியார்க்குக் கனவில் உணர்த்த, சபதம் மகிழின்கீழே நிகழ்வதாயிற்று. சின்னாள் கழிந்தது. வேனில் வந்தது. திருவாரூரில் பெருமான் திருவிழா நிகழுங்காலம் அதுவென்று நினைந்தபொழுது சுவாமிகளால் ஆற்ற இயலவில்லை, புறப்பட்டனர். ஒற்றியூர் எல்லையைக் கடந்த அளவில் இருகண்ணும் ஒளி இழந்தன. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் ஒருகண்ணும், திருவாரூரிலே மற்றொரு கண்ணும் பெற்றனர்.

இவ்வரலாற்றை நாம் பலகாற் கேட்டிருக்கின்றோம். ஆயின் அவர் எங்குச் சென்றார் என்பதனை நின்று நோக்குவார் சிலர். அவர் பொருள் தேடிச் சென்றாரல்லர், போர்மேற் சென்றாரல்லர், பெருமானைக் காணவே சென்றார். சென்றவரோ பெருமானுக்குத் தோழர். இவ்விரண்டும் அவரைக் காக்கவில்லை. ஒரு பெண்ணுக்குக் கொடுத்த சொல், பெருமான் திருவிழாவிற்குச் செல்லும் வழியிலும் சொல்லாகவே நின்றது. இறைவனை நாடிச் செல்லுகின்றோம் என்பது, மக்கட்கு நாம் செலுத்தவேண்டிய கடனைத் தள்ளுபடி செய்வதில்லை. இதனினும் உய்த்துணரவேண்டுவது ஒன்றுண்டு. பெருமான் அவரைச் செல்லாதவாறு தடுக்கவில்லை. திருவாரூர்க் காட்சியும் மறுக்கப்படவில்லை. அச்செலவிற்கு உரிய விலை மட்டும் வாங்கப்பட்டது. அதுவும் சங்கிலியாரிடத்து அன்று, சென்ற சுவாமிகளிடத்தே வாங்கப்பட்டது. இழப்பு எவர்க்கு வந்தது என்பது ஈண்டுக் கருதற்பாலது. பிரிவுத்துயர் சங்கிலியார்க்கு மட்டும் உரியதாய், திருவிழாக் காட்சி சுவாமிகட்கு மட்டும் உரியதாய் ஆகிவிடாதவாறு பெருமான் நடுநின்று கணக்கினை நேர்செய்தனர் என்று யாம் கருதுகின்றாம்.

ஒற்றியூரிலே தோன்றிய கலிய நாயனாரையும் ஈண்டு நினைதல் தகும். எண்ணெய் வாணிகக் குலத்துதித்த அவர், திருக்கோயிலில் உள்ளும் புறம்பும் விளக்கிடுதலையே தமக்குத் தொண்டாகக் கொண்டார். பெருஞ்செல்வம் தீர்ந்தபின் கூலிக்குச் செக்காடினார். அதுவும் தட்டியபின் வீட்டை விற்றார். மனைவியாரை விற்கவும் துணிந்தார், கொள்வார் இலர். முடிவில் தம் மிடற்றை அரிந்து குருதியால் அகல் நிறைக்கப் புக்கபொழுது பெருமான் கை அவர் கையைப் பற்றிற்று. மனைவியாரைப் பிறர்பாற் கொடுத்து விளக்கெரிக்க முயன்றபொழுது அருட்கை வெளிப்படவில்லை. தம்மையே கொடுக்கப் புக்கபொழுதே வெளிப்பட்டது. புராணம் இதனைக் காரணமாகக் கூறிற்று என்பேமல்லேம். ஆயினும் நிகழ்ந்த முறைமை நம் சிந்தைக்கு உரியது. நாயனார் ஊரெல்லையைக் கடந்தாரல்லர். செல்லுதல் என்னும் செலவு அவர்க்கு இல்லை; தம்மை இழத்தல் என்னும் செலவு முற்றும் உண்டு. அரசுகட்கு இரண்டும் ஒருங்கே உண்டு. நம் அன்பர்க்கு முன்னது உண்டு, பின்னது இல்லை.

இல்லை என்றது, அவர் பொருளும் உறக்கமும் செலவிடவில்லை என்றபடி அன்று. பேருந்துக் கட்டணமும் ஓர் இரவின் துயிலும் அவர் கொடுத்தனவே. ஆயின் அவை அச்செலவின் மெய்யான விலை அல்ல. அவர்க்கு இருந்தது ஒருநாள் ஓய்வு. அவ்வொருநாளைப் பெற்றது மலை, இழந்தவர் அன்னையார். செலவு சென்றவர் மகன். செலவு செய்தவர் தாய். தாம் கொடாத விலைக்குத் தாம் கண்ட காட்சியைத் தம்முடையது என்று கூற அவர் நெஞ்சு இசையவில்லை. நா எழாதது அதனாலே. அந்நாணமே அவர்தம் மலைச்செலவின் முதற்பயன் என்பேம். மலை அவர்க்கு ஒன்றும் தரவில்லை என்று எவரும் கருதற்க. தன் இல்லத்தில் உள்ள ஒருவரைக் காணுமாறு ஒருவனைச் செய்த மலை வாளா நின்றதன்று.

இனி, தாய் முதலிய சுற்றம் பாசம் என்பார்க்கு விடை கூறுவாம். பாசம் எனப்படுவது யான் எனது என்னும் செருக்கு. அதனை ஒழித்தலாவது, தான் நுகர்வதனைத் தான் விடுதல். பிறர் நுகரவேண்டுவதனைத் தான் எடுத்துக்கொண்டு, அதற்குத் துறவு என்று பெயரிடுதல் அன்று. யான் மலை கண்டேன், யான் தீபம் தொழுதேன் என்று கூறிக்கொள்ளும் யான், கடையில் அமர்ந்து ஆதாயம் எண்ணும் யானினும் மெலிந்ததன்று.

சான்று வேண்டுமெனின் அதுவும் ஒற்றியூரிலே உண்டு. கடற்கரையை அடுத்துத் திருக்கோயில் கொண்டுள்ள பட்டினத்தடிகள் துறந்தாருள் தலைநின்றவர். மாடமும் நிதியும் மனைவியும் அவரால் துறக்கப்பட்டன. ஆயின் அன்னையார் இறந்தபொழுது அடிகள் வந்து, பச்சை வாழைமட்டையில் தீ மூட்டித் தம் கடன் முடித்தனர் என்பது வழிவழி வரும் வரலாறு. அண்ணாமலையில் அன்பர் கண்டுவந்த விரூபாட்ச குகையும் இதற்குச் சான்றாகும். அங்கே 1899 முதல் 1916 வரை உறைந்தவர் இரமண மகரிஷிகள். அவர்தம் கொள்கைக்கும் நம் சித்தாந்தத்திற்கும் வேறுபாடுடைய இடங்கள் பல. அவற்றை ஈண்டு ஆராயப் புகுந்திலம். இளமையிலே எவரிடமும் சொல்லாது வீட்டைவிட்டு வந்த அவர், 1916-இல் தம்மை நாடி வந்து தங்கிய அன்னையாரைப் போக்கிவிடவில்லை. 1922 மே 19-ஆம் நாள் அவ்வம்மையார் உயிர் பிரியுங்கால் உடனிருந்து கைவைத்து நின்றனர். பின்னர் அச்சமாதியைச் சூழ்ந்தே இரமணாசிரமம் வளர்ந்தது. துறந்தார் இருவரும் தாயைத் துறவின் விலையாகக் கொடுத்திலர். இல்லறத்து நிற்கும் நாம் ஒருநாட் செலவின் விலையாகக் கொடுத்தல் எவ்வாறு பொருந்தும்?

இதுகாறும் செல்வோர்க்குக் கூறினேம். இனி, செல்வோரை ஏற்றுக்கொள்ளும் மடங்கட்கும் இதன்கண் உரியதொன்று உண்டு. இவ்விதழைப் பயில்வோர் பலரும் மடங்களோடு தொடர்புடையராகலின் அதனை மறைத்தல் முறையன்று.

டோல்கேட் என்னும் ஆங்கிலச் சொல் சுங்கச்சாவடியைக் குறிப்பது. சுங்கச்சாவடியாவது வழிச்செல்வோரிடத்து வாங்குவது. இதற்கு மறுதலையாகிய ஒன்று நம் சைவ வரலாற்றில் உண்டு. அது திங்களூரில் அப்பூதியடிகள் நாவுக்கரசர் திருப்பெயரால் அமைத்த தண்ணீர்ப்பந்தர். அது வழிச்செல்வோர்க்கு வழங்குவது. 1070-இல் அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன், வென்ற நாடுகளாலன்றிச் சுங்கம் தவிர்த்த சோழன் என்னும் பெயராலேயே மக்கள் நெஞ்சில் நின்றான். வழியில் நிற்போர் இரண்டில் ஒன்றாகவே நிற்கவியலும்: சாவடியாக, அன்றேற் பந்தராக.

விரூபாட்ச குகையிலேயே இவ்விரண்டும் ஒருமுறை எதிர்நின்றன. அக்குகை விரூபாட்ச தேவர் பெயரால் அமைந்த மடத்திற்கு உரியது. கார்த்திகைத் திருவிழாக் காலத்தில் குகைக்கு வருவோரிடம் சிறுதொகை வாங்கும் வழக்கம் மடத்தார்க்கு இருந்தது. மடத்தின் உரிமைபற்றி இருதிறத்தார் வழக்காடியதனால் அது சிலகாலம் நின்றிருந்தது. வழக்கு முடிந்தபின் வென்றவர் மீண்டும் வாங்கத் தொடங்கினர். இரமணரைக் காண வருவோர் மிகுந்தமையால் திருவிழாக் காலத்தன்றிப் பிறநாட்களிலும் வாங்கினர். இதனைக் கண்ட அவர் வாதிட்டாரல்லர்; குகையை விட்டு வெளிப்போந்து மரத்தடியில் அமர்ந்தார். வாங்குவோர் அவ்வழியையும் உட்படுத்தித் தம் இடத்தை மாற்றவே, கீழேயுள்ள வேறொரு குகைக்குச் சென்றுவிட்டார். குகைக்கு வருவோர் ஒழிந்தனர். மடத்தார் உண்மை உணர்ந்து வாங்குதலைக் கைவிட்டபின் அவர் மீண்டும் குகையிற் புகுந்தார் என்று அவர் வரலாறு எழுதியோர் கூறுவர்.

மடத்தைப் பேணுதற்குப் பொருள் வேண்டும் என்பதனை யாம் மறுக்கவில்லை. அதனை வாங்கினோரைப் பழித்தலும் எம் கருத்தன்று. ஈண்டு நாம் கொள்ளற்பாலது ஒன்றே. வருவோர் மேல் ஏற்றப்பட்ட செலவினை அவர் தம்மேல் ஏற்றுக்கொண்டார். வருவோர் காசு கொடாமைப் பொருட்டுத் தாம் இருந்த கூரையைக் கொடுத்தார். மடம் என்பது இதுவே அன்றோ? வந்தார்க்குச் சோறும் தண்ணீரும் இருக்க இடமும் அளித்தலை மாகேசுவர பூசை என்று நம் முன்னோர் வகுத்தது, வருவோர் செலவினை மடம் ஏற்கவேண்டும் என்னும் கருத்தினாலன்றோ? ஒருநாட் செலவாக வரும் தொழிலாளர் ஒருவர்க்கு மடத்தில் இருந்து கற்க நேரமில்லை. ஒருவாய் மோரும், அரைநாழிகை நல்லுரையும், மீண்டு சென்றபின் உம் ஊர்க்கோயிலுக்குச் செல்க என்னும் ஒரு சொல்லும் அவர்க்குப் போதும். ஒற்றியூர்ப் பெருமான் கவசம் களைந்திருக்கும் நாள் இது, தெரியுமோ என்று அம்மலையில் எவரேனும் அவரை வினவியிருப்பின், அவர் அடுத்த பேருந்திலேயே இறங்கியிருப்பர். ஒரு மலைமடம் அவர்க்குச் செய்யக்கூடிய பேருதவி அதுவேயாம்.

முடிவாக அவ்வன்பர்க்கு யாம் உரைத்ததனை ஈண்டுப் பொறிக்கின்றாம். நீர் போனது தவறன்று. கணக்கு முடியாமற் போனதே குறை. அண்ணாமலைச் சோதி ஒருநாளில் அவிவதன்று; 11 நாட்கள் எரியும். ஒற்றியூரிற் கவசம் களைந்த கோலமோ 3 நாட்களே. பொறுத்திருக்க வல்லது மலை. அதனைப் பொறுத்திருக்க விடுக. வரும் கார்த்திகையில் உமக்கு வாய்க்கும் முதல் ஓய்வினை அன்னையார்க்குக் கொடுத்து, கைபிடித்துத் தேரடியில் இறக்கி, அவர் கண்ணாரக் காணும்வரை உடனிரும். எஞ்சிய நாட்களுள் மற்றொரு நாள் வாய்ப்பின் மலைக்குச் செல்லும். வாயாதொழியினும் ஏங்கற்க, செலவழுங்குதலும் ஒரு செலவே.

அவர் சிறிதுபொழுது பேசாதிருந்தார். பின்னர், "அம்மாவுக்குப் படி ஏறுவது கஷ்டம் ஐயா, கூட்டமும் இருக்கும்" என்றார். மலையேறிய கால்கள் உமக்கு இருக்கின்றனவே என்றேம். வணங்கி எழுந்து சென்றார்.

திருச்சிற்றம்பலம்